வேப்பிலைக்கட்டியில் ஓமம்

வேப்பிலைக்கட்டியில் வேப்பிலை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தெரிந்தும் தெரியாத மாதிரி பேசப் போய்த்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் கேட்டில் துப்பாக்கிக்கு முன்னால் நின்றேன். நார்த்தை இலையையும் எலுமிச்சை இலையையும் நரம்பு கிள்ளி எடுத்துவிட்டு, மிளகாய் வற்றல், உப்பு, புளி, பெருங்காயம் சேர்த்து உரலில் இடித்து உருட்டி வைப்பார்கள். பச்சையாக, கரடுமுரடாக, பார்ப்பதற்கு மாட்டு மருந்து மாதிரி இருக்கும். ஒரு தட்டு மோர்ச் சோற்றுக்கு அதில் ஒரு கிள்ளு போதும். அதற்கு வேப்பிலை என்று எந்த மகராசன் பெயர் வைத்தானோ, அவன் என் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன்.

மலாயாவில் எமர்ஜென்சி காலம் அது, வெள்ளைக்கார அரசாங்கம் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம். நான் மலாக்கா டவுனில் ஒரு ராவுத்தர் துணிக்கடையில் வேலை பார்த்தேன். காலையிலிருந்து பொழுது சாயும் வரை கெஜக்கோலும் கத்தரியும்தான். கடைக்குப் பின்னால் ஒரு சந்து, சந்தில் ஒரு சீனர் காப்பிக்கடை, அதற்கு மேல் மாடியில் ஓர் அறை. அங்கேதான் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். அவள் நியாலாஸ் பக்கத்து ரப்பர் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அவளுக்குச் சிரிப்பு அப்படி வரும். நான் கத்தக் கத்த அவள் சிரிப்பாள். அவள் சிரிக்கச் சிரிக்க நான் இன்னும் கத்துவேன். மாடியில் தினமும் அடிதடி என்றுதான் காப்பிக்கடைக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சிரிப்பு திடீரென்று நின்றுபோனது. மசக்கை. எல்லாருக்கும் வருவதுதானே என்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இவளுக்கு வந்தது வேறு ரகம். சோறு வேகிற வாடை ஆகாது. எண்ணெய் ஆகாது. கீழே ரொட்டி வாட்டினால் ஆகாது. பக்கத்து வீட்டில் பிளாச்சான் என்கிற இறால் விழுதை வறுத்தால் கேட்கவே வேண்டாம். கடைசியில் நானே ஆகாமல் போனேன். புதுத்துணியில் ஒரு கஞ்சி வாடை இருக்கும் அல்லவா, நாள் பூராவும் அதற்குள்ளேயே கிடந்து வருகிறவன் நான். படியில் என் கால் சத்தம் கேட்டதுமே குவளையைத் தேடுவாள். கட்டின புருஷனைக் கண்டு பெண்டாட்டி வாந்தி எடுத்தால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்? சட்டையைக் கழற்றி மாடிப்படிக் கைப்பிடியில் மாட்டிவிட்டு வெறும் பனியனோடு வீட்டுக்குள் போகப் பழகிக்கொண்டேன். ஒரு நாள் அந்தச் சட்டையையும் எவனோ கொண்டுபோய்விட்டான்.

இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறேன். அன்றைக்கு உள்ளுக்குள் வெலவெலத்துப் போயிருந்தேன். முந்தின வருஷம் ஒன்று தங்காமல் போயிருந்தது. இந்தத் தடவையும் அவள் எலும்பும் தோலுமாக ஆகிக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரி மிஸ்ஸி, அதாவது நர்ஸம்மா, அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏதாச்சும் சாப்பிட வைங்க. வயித்துல ஒண்ணுமே நிக்கலன்னா ரெண்டு உசுருக்கும் நல்லதில்லே" என்றார். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். பஸ் கண்டக்டரிடம் கத்தினேன். துணி வாங்க வந்தவர்களிடம் கத்தினேன். முதலாளியிடமே கத்தினேன்.

ராவுத்தர் நல்ல மனுஷர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "தம்பி, என்கிட்ட கத்தினா அந்தப் புள்ள வயிறு ரொம்பிடுமா? அது வாய்க்கு என்ன கேக்குதுன்னு கேளு. கேட்டு அதை வாங்கிக் குடு" என்றார். அதுவரைக்கும் இந்தப் புத்தி எனக்கு வரவில்லை பாருங்கள். அன்று சாயங்காலமே கேட்டேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் திரும்பாமலே சொன்னாள்.

"எங்க லயத்து வேப்பிலைக்கட்டி ஒரு கிள்ளு இருந்தா, கஞ்சி குடிச்சிருவேன்."

இவ்வளவுதானே என்று பாசாருக்கு ஓடினேன். மாங்காய் ஊறுகாய், எலுமிச்சை ஊறுகாய், சீனர் விற்கிற உப்புக் கிச்சிலி, எல்லாம் வாங்கி வந்து கொடுத்தேன். எல்லாம் வந்த வேகத்தில் குவளைக்குள் போயின. சரி, அவளையே தாய்வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றால், அந்த ரோட்டில் அந்த பஸ்ஸில் இந்த நிலைமையில் கூடவே கூடாது என்று மிஸ்ஸி சொல்லிவிட்டார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் கிளம்பினேன்.

அந்த நாளில் எஸ்டேட்டைச் சுற்றி முள்வேலி. போக வர ஒரே கேட். காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாது என்று கேட்டைத் தாண்டி ஒரு பிடி அரிசியை வெளியே விடமாட்டார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள்கூட வெறும் தண்ணீரோடுதான் போக வேண்டும். ஆண்களை மாத்தாக்கள், அதாவது துப்பாக்கி வைத்திருந்த மலாய்ப் போலீஸ்காரர்கள், தடவிப் பார்ப்பார்கள். பெண்களுக்குக் கேட்டுக்குப் பக்கத்தில் சாக்குப் படுதா தொங்கவிட்ட ஒரு தடுப்பு. அதற்குள் சோதனை போட எஸ்டேட்டிலேயே ஓர் அம்மாளை வேலைக்கு வைத்திருந்தார்கள்.

அந்த அம்மாளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். என் மாமியாருக்கு அடுத்த வீட்டுக்காரி. இரண்டு பேருக்கும் ஆகாது. எல்லாம் மாரியம்மன் கோயில் பொங்கலால் வந்த வினை. ஒரு வருஷம் இரண்டு பேர் பானையும் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் இருந்தன. யார் பானை முதலில் பொங்கியது? என் பானைதான் என்றார் மாமியார். "அது பொங்கல, தீய ஏத்தி வழிய வுட்டே" என்றாராம் அந்த அம்மாள். அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்தது. பேச்சு இல்லை என்றால் சத்தம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நேருக்கு நேர் பேசமாட்டார்கள், அவ்வளவுதான். கோழியைப் பார்த்து, தண்ணீர்க் குழாயைப் பார்த்து, சிவனே என்று போகிற மூன்றாவது ஆளைப் பார்த்து நாள் முழுக்கப் பேசுவார்கள். நான் மாப்பிள்ளையாகப் போன புதிதில் அந்த மூன்றாவது ஆள் பெரும்பாலும் நான்தான்.

மாமியார் என்னைக் கண்டதும் மகளைப் பற்றிக் கேட்டார். நான் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே அடுப்பைப் பற்ற வைத்தார். அவருக்குத் துக்கம் வந்தாலும் சமைப்பார், சந்தோஷம் வந்தாலும் சமைப்பார். ரேஷன் அரிசி தீர்ந்துவிடுமே என்றால் காதில் வாங்கமாட்டார். கோழிக்குழம்பு, நெத்திலி வறுவல், முருங்கைக்கீரை, மரவள்ளிக்கிழங்குப் பொரியல், மேலே ரசம். "வெளியே கொண்டு போகத்தானே வுட மாட்டானுங்க மாப்பிள்ளை? வயித்தத் தொறந்தா பாக்கப் போறானுங்க? நல்லாச் சாப்பிடுங்க" என்று இலை தெரியாமல் போட்டார். அங்கே மகள் கஞ்சிக்கு வழியில்லாமல் கிடக்கிறாள், இங்கே மருமகன் மூன்றாம் தடவை சோறு வாங்குகிறான். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ருசியாகவும் இருந்தது. அதற்கு நான் என்ன செய்ய?

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு வேப்பிலைக்கட்டி விஷயத்தைச் சொன்னேன். மாமியார் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அழுத கண் அப்படியே இருக்க, மூக்குத்தி வரைக்கும் சிரிப்பு ஏறிவிட்டது.

"பாத்தீங்களா? எத்தன இருந்தாலும் எம் புள்ளைக்கு அவ அம்மா கைப்பக்குவம்தான் வேணும்!"

இதை என்னிடம் சொல்லவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த பலகைச் சுவரைப் பார்த்துச் சொன்னார். அந்தச் சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே கை நுழைகிற அளவுக்குச் சந்து இருக்கும். இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் நூறு ஆயுசு சொல்லலாம். ஆனால் அந்த அம்மாள் அப்போது கேட்டில் வேலையில் இருந்தார். ஆளில்லாத வீட்டுக்கும் மாமியார் ஒரு தடவை சொல்லி வைத்தார்.

உறியிலிருந்து ஒரு பெரிய உருண்டையை எடுத்து வாழையிலையில் சுற்றிக் கொடுத்தார். குடைக்குள் மறைத்துக்கொள்ளுங்கள், வேட்டி மடிப்பில் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஏகப்பட்ட யோசனை சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. டவுனில் இருக்கிறவன் அல்லவா, எனக்கு ஒரு யோசனை உதித்திருந்தது. "அத்தை, சாப்பாடுதானே கொண்டு போகக்கூடாது? இது பேரே வேப்பிலை. மருந்துன்னு சொல்லிட்டு ராஜா மாதிரி எடுத்துட்டுப் போறேன், பாருங்க" என்றேன். மாமியார் வாயைப் பிளந்தார். "டவுனு புள்ள டவுனு புள்ளதான்" என்று மெச்சிக்கொண்டே, நான் ராஜா மாதிரி போவதைப் பார்க்கக் கேட் வரைக்கும் கூடவே வந்தார்.

கேட்டில் நின்ற மாத்தாவுக்கு என் வயசுதான் இருக்கும். மெல்லிய மீசை. என் சட்டைப் பையில் இருந்த பொட்டலத்தைத் தொட்டு, "அப்பா இனி?" என்றார். இது என்ன என்று அர்த்தம்.

"ஊபாட்" என்றேன். மருந்து.

"ஊபாட்?"

"ஊபாட், ஊபாட்" என்று தலையை ஆட்டி நன்றாக அழுத்திச் சொன்னேன்.

அவர் இரண்டடி பின்னால் போனார். மரியாதை கொடுக்கிறார் என்று நினைத்தேன். பின்னால் போனவர் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் எடுத்தார். படுதாவுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்த சோதனை அம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"யோவ் மாப்பிள்ளைத் தம்பி! சோறுன்னு சொல்லியிருந்தா புடுங்கிக்கிட்டு வுட்டுருப்பான். மருந்துன்னா காட்டுல அடிபட்டுக் கெடக்கறவனுக்குக் கொண்டு போறேன்னு உள்ள தூக்கி வச்சிருவான்லா! மருந்தும் கூடாதுன்னு உங்களுக்கு யாரும் சொல்லல?"

"பூக்கான் ஊபாட்! மருந்து இல்ல! மக்கான், மக்கான்!" என்று அலறினேன். மாத்தாவின் புருவம் மேலே போனது. முதலில் மருந்து என்றான், இப்போது சாப்பாடு என்கிறான், இந்த ஆள் இன்னும் என்னென்ன சொல்லப் போகிறானோ என்கிற பார்வை. சாப்பாடுதான் என்று நிரூபிக்க, பொட்டலத்தைப் பிரித்து ஒரு பெரிய கடி கடித்தேன். மாமியார் மிளகாய்க்குக் கஞ்சத்தனம் பார்ப்பவர் அல்ல. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஊற்றியது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "வெறும் வாயில திங்காதீங்க மாப்பிள்ளை, சூடு புடிச்சுக்கும்!" என்று மாமியார் கத்தினார். நான் படுகிற பாட்டைப் பார்த்த மாத்தாவுக்கு அது சாப்பாடும் இல்லை, மருந்தும் இல்லை, வேறு ஏதோ என்றே பட்டிருக்க வேண்டும். "மக்கான் தாக் போலே. ஊபாட் தாக் போலே" என்று சொல்லி உருண்டையை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டார். இரண்டும் கூடாதாம்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ, தமிழிலேயே கத்த ஆரம்பித்துவிட்டேன். "சோறும் கூடாது, மருந்தும் கூடாதுன்னா மனுசன் எதைத்தான்யா கொண்டு போறது? அங்க எம் பொண்டாட்டி ஒரு வா தண்ணிகூட நிக்காமக் கெடக்கறா. போன தடவ மாதிரி இதுவும் போயிருமோன்னு இருக்கு. அவளே போயிருவாளோன்னு இருக்குய்யா!" இதைச் சொன்ன பிறகுதான் நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. மிளகாய் ஒரு பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனை அம்மாள் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "யாரு, நம்ம புள்ளையா? முழுகாம இருக்கா?" என்றார். நம்ம புள்ள என்றதை மாமியாரும் கவனித்தார், நானும் கவனித்தேன். அந்த அம்மாள் மாத்தா பக்கம் திரும்பி, "பினி டியா மெங்கிடாம் லா!" என்றார்.

இவன் பெண்டாட்டிக்கு மெங்கிடாமாம். அந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரியாமல் போனதே! பிள்ளைத்தாச்சியின் ஆசைக்கு மலாயில் அதுதான் பேர். மாத்தா துப்பாக்கியைத் தோளில் மாட்டினார். அதை முதலிலேயே சொல்லக்கூடாதா என்று என்னைக் கடிந்துகொண்டார். தன் பெண்டாட்டி கொட்டுகிற மழையில் பச்சை மாங்காய் கேட்டதையும், தான் மரமேறி வழுக்கி விழுந்ததையும் சொல்லி முழங்கையில் இருந்த தழும்பைக் காட்டினார். பிள்ளைத்தாச்சி கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிள்ளைக்கு எச்சில் ஒழுகுமாம். எங்களில் காது ஒழுகும் என்பார்கள். எது ஒழுகினாலும் நல்லதில்லை என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம். ஆனால் உருண்டையை மட்டும் அவர் விடவில்லை. சார்ஜெண்ட் எந்த நேரமும் வருவார், தன் வேலை போய்விடும் என்றார். அந்த அம்மாளோடு ஏதோ பேசினார். பிறகு என்னைப் பார்த்து முகம் மலர்ந்து, "டவுன் போலே" என்றார்.

டவுனுக்குப் போகலாம்! நான் கும்பிடு போட்டுவிட்டு மேசைமேல் இருந்த உருண்டையை எடுத்துக்கொண்டு விறுவிறு என்று நடந்தேன்.

"ஓய்!"

துப்பாக்கி மறுபடியும் கைக்கு வந்துவிட்டது. சோதனை அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயோ தம்பி, மலாய்ல டவுன்னா எலை! எலைய மட்டும் கொண்டு போகலாங்கறான். எலை அவன் சட்டத்துல இல்லியாம். வீட்டுல போய் இடிச்சுக்குங்க!"

மாமியார் வீட்டுக்குப் பின்னால் இருந்த நார்த்தை மரத்துக்கு ஓடினார். அந்த வயசில் அந்த ஓட்டம்! பாதி மரத்தை ஒடித்துக்கொண்டு வந்து, நுழைகிற கிளையை எல்லாம் வேலிக் கம்பி வழியாகவே என்னிடம் தள்ளினார். ரோட்டில் பஸ் வரும் நேரம். கடைசி பஸ். விட்டால் ஊரடங்குதான். அவசர அவசரமாகப் பக்குவம் சொல்ல ஆரம்பித்தார்.

"நரம்ப நல்லா உருவிருங்க. மொளகாய வெறும் சட்டியில வறுங்க. உப்பு, புளி, பெருங்காயம். மொதல்ல மொளகாய இடிங்க, அப்புறம் எலைய..."

"ஓமம் போடச் சொல்ல சில பேரு மறந்துட்டாங்க மாப்பிள்ளைத் தம்பி" என்றார் சோதனை அம்மாள் என்னைப் பார்த்து.

"எங்க பக்கத்துல ஓமம் போடற வழக்கம் இல்லேன்னு சொல்லுங்க மாப்பிள்ளை."

"ஓமம் இல்லாட்டி அது வேப்பிலைக்கட்டி இல்ல, வெறும் தழைன்னு சொல்லுங்க தம்பி."

"கேட்டுல உக்காந்து மத்தவங்க மடியத் தடவறவங்களுக்கு ருசி தெரியுமான்னு கேளுங்க மாப்பிள்ளை."

"வாயி குமட்டற புள்ளைக்கு வயித்துல நிக்கணும்னா ஓமம் வேணும். நிக்க வைக்கத் தெரியாதவங்க பொங்கி வழிய வுடத்தான் லாயக்குன்னு சொல்லுங்க!"

பானை வந்துவிட்டது! இனிமேல் பஸ் கிடைத்த மாதிரிதான் என்று நினைத்தேன். மாத்தா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நடுவில் நார்த்தங் கிளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "சொல்றேன், சொல்றேன்" என்று இரண்டு பக்கமும் தலையாட்டியபடியே பின்பக்கமாக நடந்து பஸ்ஸைப் பிடித்தேன். வழியில் ரோட்டுச் சோதனையில் கிளையைப் பார்த்த இன்னொரு மாத்தா, கோயில் திருவிழாவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இலையைப் பற்றி இன்னொரு தடவை வாயைத் திறக்க நான் தயாராக இல்லை.

டவுனில் இறங்கி மளிகைக்கடைக்குப் போனேன். மிளகாய், புளி, பெருங்காயம் வாங்கியாயிற்று. ஓமம்? மாமியார் பேச்சைத் தட்டினால் நாளைக்கு அந்த வீட்டில் கை நனைக்க முடியுமா? ஆனால் வயித்துல நிக்கணும் என்று அந்த அம்மாள் சொன்ன வார்த்தை என் காதிலேயே இருந்தது. யார் பானை பொங்கினால் எனக்கென்ன, என் வீட்டுப் பானை தங்கினால் போதும். ஓமமும் கட்டச் சொன்னேன்.

எங்கள் அறையில் உரல் ஏது? காப்பிக்கடைக்காரரிடம் சம்பல் இடிக்கிற கல்லுரலை இரவல் வாங்கினேன். கெஜக்கோலைத் தவிர வேறெதையும் பிடித்தறியாத கை இது. இலையை நரம்பு உருவுகிறேன் என்று பாதி இலையைக் கிழித்துப் போட்டேன். மிளகாய் வறுத்த புகையில் சந்தே தும்மியது. இடிக்க ஆரம்பித்தேன். மிளகாய்க் கையோடு கண்ணைத் துடைத்துவிட்டேன். அதற்குப் பிறகு கத்திக்கொண்டே இடித்தேன். படியில் தடதடவென்று சத்தம். மாடிச் சண்டை இன்றைக்குக் கல்லுரல் வரைக்கும் போய்விட்டது என்று காப்பிக்கடைக்காரர் விலக்கிவிட ஓடி வந்திருந்தார். கதவைத் திறந்தால், மேலெல்லாம் பச்சைத் தழையும் கண்ணெல்லாம் சிவப்புமாக நான் உட்கார்ந்திருக்கிறேன். அவர் என்னைப் பார்த்தார், கட்டிலில் படுத்திருந்தவளைப் பார்த்தார், கதவைச் சாத்திக்கொண்டு இறங்கிப் போனார்.

கட்டிலில் இருந்து ஒரு சத்தம் வந்தது. குவளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வாந்தி இல்லை. சிரிப்பு. எத்தனை நாளைக்குப் பிறகு! போர்வையை வாயில் வைத்துக்கொண்டு உடம்பு குலுங்கச் சிரித்தாள். எனக்குக் கத்த வரவில்லை.

கஞ்சியைக் கரைத்துக் கொண்டுவந்து வைத்தேன். உருண்டையாகப் பிடிக்க வராத அந்தக் குப்பையில் ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தாள். மென்றாள். சட்டென்று நிறுத்தினாள். எனக்கு உயிரே இல்லை. குவளையை முகத்துக்கு நேரே பிடித்தேன். அதைத் தள்ளிவிட்டாள்.

"ஓமம் போட்டிருக்கீங்க."

"நான் போடலம்மா! அந்தக் கேட்டுப் பொம்பளைதான் போடு போடுன்னு உசுர எடுத்துருச்சு. உங்கம்மா வேணாம்னுதான் சொன்னாங்க. நாளைக்கே வேற இடிச்சுத் தர்றேன்..."

"இதேதான்" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். "இதே வாசம்தான்."

பிறகு கஞ்சியைக் குடித்துக்கொண்டே சொன்னாள். சின்ன வயசில் அவள் அம்மா பால் வெட்டப் போன பிறகு, அந்தப் பலகைச் சுவருக்கு மேலே இருந்த சந்தில் ஒரு கை வருமாம். கையில் ஓமம் போட்ட வேப்பிலைக்கட்டி ஓர் உருண்டை இருக்குமாம். பானைச் சண்டைக்கு முன்னாலும் வந்தது, பின்னாலும் வந்தது. அது அடுத்த வீட்டுப் பெரியம்மா கை.

"எங்க அம்மாவோடது உப்புக் கரிக்கும்ங்க. நான் எங்க லயத்து வேப்பிலைக்கட்டின்னுதானே கேட்டேன்? எங்க அம்மாவோடதுன்னு கேட்டேனா?" என்றாள். "அம்மாகிட்ட சொல்லிராதீங்க. உசுர விட்டுருவாங்க."

கிண்ணம் காலியானது. நான் குவளையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பாமல், என் பக்கம் பார்த்தபடியே தூங்கிப்போனாள். குவளையும் காலியாகவே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதேன். இந்தத் தடவை மிளகாய் பாதிகூட இல்லை.

அதிலிருந்து தேறினாள். வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்தபோது, இனிப் போய் வரலாம் என்று மிஸ்ஸி சொன்னார். பஸ்ஸில் அவளுக்கு அடியில் போட ராவுத்தர் பஞ்சு மெத்தையே ஒன்று கொடுத்தனுப்பினார். எஸ்டேட் கேட்டில் அதே மாத்தா. அவள் வயிற்றைப் பார்த்து எனக்கு ஒரு சல்யூட் அடித்தார். வேலிக்கு அந்தப் பக்கம் மாமியார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். உள்ளே வருகிறவர்களுக்கும் சோதனை உண்டு என்று, சட்டப்படி அவளைச் சாக்குப் படுதாவுக்குள் சோதனைக்கு அனுப்பினார்கள்.

போனவள் வரவில்லை. "பெத்த அம்மாவ வெளிய நிறுத்திட்டு அப்படி என்ன சோதனையாம், கேளுங்க மாப்பிள்ளை" என்றார் மாமியார். உள்ளே முதலில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அப்புறம் யாரோ சிரித்தார்கள். அப்புறம் சத்தமே இல்லை. கடைசியில் படுதாவுக்குள்ளிருந்து அந்த அம்மாளின் குரல் மாத்தாவுக்குக் கேட்கும்படி உரக்க வந்தது.

"கோசோங்!"

ஒன்றுமில்லை, காலி என்று அர்த்தம். படுதாவை விலக்கிக்கொண்டு என் மனைவி வெளியே வந்தாள். முன்னால் வயிறு, ஒரு பக்கம் கன்னம் உப்பியிருந்தது, உதட்டோரத்தில் பச்சை. மாத்தா அந்த வயிற்றைப் பார்த்து, "கோசோங்?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவள் பதிலுக்கு வாயைத் திறக்க முடியாமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

மாமியார் மகளை அணைத்துக்கொண்டார். அணைத்தவர் அப்படியே நின்றார். ஓம வாசனை எனக்கே அடித்தது, அவருக்கு அடிக்காமல் இருக்குமா? மகள் முகத்தைப் பார்த்தார். படுதாப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். போச்சு, மறுபடியும் பானை பொங்கப் போகிறது என்று நான் மெத்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவர் முந்தானையால் மகளின் உதட்டோரத்தைத் துடைத்துவிட்டு, "வா, வெயில்ல நிக்காத" என்றார்.

லயத்துக்கு நடக்கும்போது மகளை முன்னால் விட்டுவிட்டு என்னோடு பின்தங்கினார். கேட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு கழுத்தைச் சாய்த்து, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"மாப்பிள்ளை, நானும் இந்தத் தடவ ஓமம் போட்டுத்தான் இடிச்சு வச்சிருக்கேன். அந்தக் கேட்டுக்காரிகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."